எரிந்த மோட்டாரும் பழைய வரிப் பதிவேடும்: ஒரு கிராம ஊராட்சியின் நிதி குறித்த நிகழ்வு ஆய்வு

தென் தமிழகத்தில் வானம் பார்த்த பகுதி ஒன்றிலுள்ள கிராம ஊராட்சியில் 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை நடந்தவற்றின் பதிவு இது. அந்த ஐந்து ஆண்டுகளும் நான் அங்கே வார்டு உறுப்பினர். பஸ் நிறுத்தத்தில் நகல் கடை வைத்திருப்பதால் ஊராட்சியின் காகிதங்கள் பெரும்பாலும் என் கையைக் கடந்துதான் போயின. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். ஊர்த் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பின்னணி

தாய்க் கிராமம் ஒன்று, குக்கிராமங்கள் நான்கு. மேல்நிலைத் தொட்டி மூன்று, ஆழ்துளைக் கிணறு ஐந்து. 2016-இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் நிர்வாகம், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் அரசு அதிகாரியின் பொறுப்பு. 2020 ஜனவரி 6 அன்று நாங்கள் பதவியேற்றபோது வரி கேட்கும் பழக்கமும் கொடுக்கும் பழக்கமும் ஒருசேர விட்டுப்போயிருந்தன.

தலைவர் பெண். அரசியலுக்குப் புதியவர், ஆனால் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்தாண்டு கணக்கு எழுதியவர். துணைத்தலைவர் ஊரில் செல்வாக்குள்ள குடும்பம். காசோலையில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சியிலிருந்து பணம் வெளியே போகும். இந்த ஏற்பாட்டின் நன்மையையும் தொல்லையையும் பின்னால் பார்த்தோம்.

பணம் வரும் வழிகள்

வெளியிலிருந்து பார்த்தால் ஊராட்சிக்கு லட்சக்கணக்கில் பணம் வருகிறது. அது பொய்யில்லை. ஆனால் வருகிற ஒவ்வொரு ரூபாயும் தன் செலவை முன்னமே சொல்லிக்கொண்டு வருகிறது.

பெரிய தொகை மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குப் பரிந்துரைத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்ட பணம். மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. எதுவானாலும் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்று, மதிப்பீடு போட்டு, இணையவழியில்தான் பணம் செல்லும்.

அடுத்தது மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எல்லா உள்ளாட்சிகளுக்கும் பகிரப்படுகிறது. மக்கள்தொகையை முதன்மையாக வைத்து ஊராட்சிக்கு ஒரு கூறு கிடைக்கிறது. அதில் மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரிய பகுதி தனிக் கணக்குக்குப் போய்விடும். எஞ்சியதில்தான் தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் ஊதியம்.

மூன்றாவது, ஊராட்சி தானே ஈட்டுவது: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், புளிய மர மகசூல் ஏலம் போன்றவை. இது முதல் கணக்கில் சேரும். மூன்றிலும் சிறியது இதுதான். தீர்மானம் போட்டு மறுநாளே செலவிடக்கூடியதும் இது ஒன்றுதான். அது எவ்வளவு முக்கியம் என்று முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்குத் தெரியவில்லை. கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளிப்பதிலேயே பொழுது போனது. கிராம சபையும் கூடவில்லை.

2022 ஏப்ரல்: மோட்டார்

சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு தாய்க் கிராமத்தின் பெரிய ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் எரிந்தது. மெக்கானிக் மூன்று ஆட்களுடன் வந்து முக்காலி நட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தொட்டியின் நிழலில் அடுக்கினார். கடைசியில் மோட்டார் வெளியே வந்தபோது கருகிய காயிலின் நெடி தெருமுனை வரை வீசியது. காயில் கட்ட, கேபிள் மாற்ற, ஏற்றி இறக்கக் கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் சொன்னார். முதல் கணக்கில் இருந்தது 9,000.

அதே நாளில் நிதிக்குழு மானியக் கணக்கில் சில லட்சங்கள் இருந்தன. குடிநீர்ப் பராமரிப்பு அந்த மானியத்துக்குள் அடங்கும்தான். ஆனால் அந்த ஆண்டுத் திட்டத்தில் எங்கள் ஊராட்சி எழுதிக்கொடுத்திருந்தது குழாய் நீட்டிப்பும் உறிஞ்சு குழியும்; மோட்டார் பழுது என்ற குறிப்பே இல்லை. எழுதாமல் விட்டது நாங்கள்தான். சட்டத்தின் மேல் பழி போட இடமில்லை. திட்டத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்க வாரக்கணக்காகும் என்றார் ஊராட்சிச் செயலர்.

"போன தடவைப் பாக்கியே நிற்கிறதே, தலைவரம்மா" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். துணைத்தலைவர் தன் பொறுப்பில் கேபிள் கடையில் கடன் சொன்னார். ஆறாம் நாள் தண்ணீர் வந்தது.

மே 1 கிராம சபைக்குப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்தார்கள். "மேலேயிருந்து லட்சக்கணக்கில் வருகிறது என்கிறீர்கள், எங்கே போகிறது?" என்பதுதான் கேள்வி. தலைவர் பதில் சொல்லாமல் வங்கிப் புத்தகங்களை எடுத்து ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் அது எதற்கான பணம் என்பதையும் வாசித்தார். சுயஉதவிக் குழுவில் மாதந்தோறும் செய்கிற காரியம். எங்கள் கிராம சபையில் அதுவரை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சத்தம் அடங்கியபின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்படியென்றால் நம் வீட்டு வரி எவ்வளவுதான் வருகிறது?" செயலர் பதிவேட்டைப் பார்த்து, ஆண்டுக் கேட்பு (ஊர் மொத்தமும் கட்ட வேண்டிய வரி) 52,000 ரூபாய், போன ஆண்டு வசூல் 21,000 என்றார். ஒரு மோட்டார் காயிலுக்கு ஊர் முழுவதன் வரியும் காணாது என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பதிவேட்டில் கண்டது

ஜூனில் தலைவர், செயலர், நான், சுயஉதவிக் குழுப் பெண்கள் நால்வர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தோம்.

ஓலைக்கூரை, ஓடு, கான்கிரீட் என்று வீட்டின் வகையையும் பரப்பையும் பார்த்து வரி போடுவது வழக்கம். பதிவேட்டின்படி எங்கள் ஊரில் ஓலைவீடு 140. கண்ணால் எண்ணியது 17. மீதியெல்லாம் எப்போதோ தளம் போட்டுவிட்டன. சிலவற்றில் மாடியும் உண்டு. கிரானைட் படியேறி, 'கீற்றுக் கொட்டகை' என்று பதிவாகியிருந்த வீட்டின் கதவைத் தட்டினோம். வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. கூரையை மாற்றினேன், வரியை ஏற்றுங்கள் என்று உலகில் யார் வந்து சொல்வார்கள்? பதிவேட்டிலேயே ஏறாத வீடுகள் தொண்ணூறை ஒட்டி இருந்தன. இதற்கு நேர்மாறாக, இடிந்து மண்மேடாகிப் புளியங்கன்று முளைத்த மனைகளுக்கு ஆண்டுதோறும் கேட்பு ஏறிக்கொண்டிருந்தது. நிலுவை என்று நாங்கள் காட்டிவந்த தொகையில் கணிசமான பகுதி செத்தவர்கள் தர வேண்டியது.

எதிர்பாராதவை இன்னும் சில. ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஐவருக்கு நிலுவை. அதில் நானும் ஒருவன், இரண்டு ஆண்டுக்கு 264 ரூபாய். மாறாக, காலனியில் நிலுவை ஏறக்குறைய இல்லை. மின் இணைப்புக்கும் தொகுப்பு வீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் அவர்கள் கையில் காட்ட இருந்த ஒரே தாள் வீட்டு வரி ரசீது. அதனால் தவறாமல் கட்டியிருந்தார்கள். தெருவிளக்கு மிகக் குறைவாக எரிந்த இடமும் அதுவே. இதைச் செயலர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலாகிறது. அது ஊராட்சியின் பணமே அல்ல, நூலகத் துறைக்குச் சேர வேண்டியது. எங்கள் முதல் கணக்கில் கலந்து செலவாகியிருந்தது.

பிறகு தொழில் வரி. மாதச் சம்பளக்காரரிடம் அலுவலகமே அரையாண்டுக்கு ஒருமுறை பிடித்து, அந்த அலுவலகம் இருக்கும் உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது 1988-இல் அரசியலமைப்புத் திருத்தத்தில் வைத்த வரம்பு, இன்றும் அதுவே. எங்கள் எல்லைக்குள் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. முன்பு பக்கத்து ஊராட்சி நிலத்தில் இருந்து, புதுக் கட்டடம் கட்டியபோது சாலையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. கட்டடம் வந்தது, தொழில் வரி வரவில்லை. அது பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரி விகிதத்தைத் தொடுவதில்லை என்பது முதல் முடிவு. விகிதத்தை ஏற்றினால் சரியாகக் கட்டிவந்தவர்கள் தலையில்தான் முதலில் விழும். பதிவேட்டைத் திருத்தினால் தப்பியவர்கள் உள்ளே வருவார்கள். தலைவர் இதில் உறுதியாக இருந்தார்.

இரண்டாவது, எங்கள் வீடுகளிலிருந்து தொடங்குவது. தலைவரின் வீடு ஓட்டு வீடு என்றிருந்தது. பின்கட்டில் தளம் போட்டிருந்தார்கள். டேப் பிடித்து அளந்து முதல் பதிவாக அதை எழுதினோம். உறுப்பினர்கள் நிலுவையை ஆகஸ்டுக்குள் கட்டி ரசீதைக் கூட்டத்தில் வைத்தோம்.

மூன்றாவதில் செயலருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு. கட்டாதவர் வீட்டுக் குழாயைத் துண்டிக்கலாம், ஊராட்சியில் எந்தக் காகிதத்துக்கு வந்தாலும் நிலுவையைக் கட்டிவிட்டு வரச் சொல்லலாம் என்றார் அவர். வசூலுக்கு அதுதான் கைகண்ட வழி என்பது உண்மையே. ஆனால் காகிதம் கேட்டு அலுவலகப் படியேறுபவர் பெரும்பாலும் ஏழை. மாடி வீட்டுக்காரருக்கு எங்கள் காகிதம் தேவைப்படுவதே இல்லை. அந்த வழி வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

நான்காவது முடிவு தவறானது. கதை பின்னால் வருகிறது. மாதக் குடிநீர்க் கட்டணத்தையும் இதே மூச்சில் 30 ரூபாயிலிருந்து 60 ஆக்குவது என்று எழுதினோம். மின்கட்டணச் சுமை கண்முன் நின்றது. ஒருமுறை வாங்குகிற திட்டை ஒரே தடவையில் வாங்கிவிடலாம் என்று நினைத்தோம்.

புளிய மரங்களைத் தொடவில்லை. புறம்போக்கிலுள்ள மரங்களின் மகசூல் ஊராட்சிக்கு உரியது. ஆனால் தலைமுறையாக ஊர்ப் பெரியவர்கள் ஏலம் விட்டுக் கோயில் கணக்கில் சேர்க்கிறார்கள். நான் எதிர்த்தேன். "இரண்டு சண்டையை ஒரே நேரத்தில் போட முடியாது, அண்ணே" என்றார் தலைவர்.

2022 ஆகஸ்டு முதல் 2023 மார்ச் வரை

ஆகஸ்டு 15 கிராம சபையில் திருத்திய பட்டியலை ஒட்டி ஆட்சேபனைக்கு 30 நாள் கொடுத்தோம். 74 மனுக்கள் வந்தன. பாதிக்கு மேல் அளவில் தவறு என்பவை. அவற்றில் சுமார் இருபது உண்மையிலேயே எங்கள் தவறு. மனுதாரர் கையிலேயே டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து அளந்தோம். அளவைப் பற்றிய சண்டை அத்தோடு நின்றது.

வடக்குத் தெருவில் ஒரு அப்பத்தா மனு எழுதவில்லை, நேரே கேட்டார்: "கோயிலுக்குத் தலைக்கட்டு வரி ஆயிரம் ரூபாய் கொடுக்கிறேன். சாமி புறப்படுவதைப் பார்க்கிறேன். உங்களுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் எதைப் பார்ப்பேன், தம்பி?" என்னிடம் பதில் இல்லை. தலைக்கட்டு வரியில் எங்கள் ஊரில் பாக்கி வைப்பவர் கிடையாது. யார் கொடுத்தார், எவ்வளவு செலவானது என்று திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கணக்கு வாசிப்பார்கள். அந்த வாரமே நியாயவிலைக் கடைச் சுவரில் கரும்பலகை ஒன்று அடித்தோம். முதல் கணக்கின் மாத வரவு, செலவு, இருப்பு மட்டும். மற்றக் கணக்குகளை எழுதினால் யாருக்கும் புரியாது என்று விட்டோம்.

துணைத்தலைவரின் வீடு பதிவேட்டில் ஓட்டு வீடு. நேரில் இரண்டு மாடி. வரி பல மடங்கு ஏறியது. அவர் எதிர்த்துப் பேசவில்லை, காசோலையில் கையெழுத்திடவில்லை. ஐந்து வாரம் எதுவும் நகரவில்லை. தொட்டி இயக்குபவர்களுக்கு ஊதியம் தாமதமாகி, ஒருவர் வாய்க்கால் வேலைக்குப் போய்விட்டார். மோட்டார் நாளில் கேபிள் கடையில் பொறுப்பேற்றவரும் இவரே என்பதால் எங்களாலும் கடிந்து பேச முடியவில்லை. அலுவலகத்தில் மூன்று முறை பேசியும் தீரவில்லை. கடைசியில் தலைவர் அவர் வீட்டுக்கே போய்ப் பேசியதில், மாடி தனிக்குடித்தனம் போன மகனுடையது, தன் பெயரில் ஏன் என்பதுதான் மனத்தாங்கல் என்று தெரிந்தது. இரண்டு வரி விதிப்பு எண்ணாகப் பிரித்தோம். மொத்த வரி குறையவில்லை. மறுநாள் கையெழுத்து வந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் குடிநீர்க் கட்டணம் வெடித்தது. ஏப்ரலில் ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்களிடம் தண்ணீருக்கு இருமடங்கு கேட்டோம். வரித் திருத்தத்தையும் சேர்த்துக் கிழித்துப்போடும் நிலைக்குக் கூட்டம் போனது. கட்டணத் தீர்மானத்தை அங்கேயே திரும்பப் பெற்றோம். வீட்டு வரிப் பட்டியல் மட்டும் தப்பி, அந்த ஆண்டு புதிதாகச் சேர்க்கப்பட்ட நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபையில் நிறைவேறியது.

பள்ளி விஷயம் ஒரு கடிதத்தில் முடிந்தது. செயலர் எல்லை வரைபட நகலோடு தலைமையாசிரியருக்கு எழுதினார். அடுத்த அரையாண்டில் 30,000 ரூபாயை ஒட்டிய தொகை வந்து சேர்ந்தது. ஆண்டுக்குக் கணக்கிட்டால், நாங்கள் ஐந்து மாதம் தெருத் தெருவாக நடந்து திருத்திய பழைய வீட்டு வரிக் கேட்பையே தாண்டும். பக்கத்து ஊராட்சித் தலைவர் கோபமாக வந்தார். அவர்களுக்கு அது போனால் தெருவிளக்கு பல்பு வாங்கவும் வழியில்லை. பழைய ஆண்டுகளின் தொகையைக் கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். எங்கள் வெற்றி அவர்கள் கணக்கில் பள்ளமாக விழுந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரை

புதிய கேட்பு 1,15,000 ரூபாய். முதல் ஆண்டு வசூல் ஏறத்தாழ முக்கால் பங்கு. திருத்திய வரியில் வந்த முதல் பணத்தில் காலனித் தெருவில் விளக்கு போட்டோம். வேறு இரண்டு குக்கிராமங்கள் முணுமுணுத்தன. வசூல் பட்டியலைத் தெருவாரியாகக் காட்டியதும் அடங்கின.

இணையவழி வரி வசூல் வந்தபோது கையால் எழுதும் ரசீது நின்றது. முதியவர்கள் ரொக்கத்தோடு என் கடைக்கு வந்தார்கள். நான் வாங்கிக்கொண்டு என் கைப்பேசியிலிருந்து கட்டி ரசீதை அச்சிட்டுக் கொடுத்தேன். உதவி என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் 'உறுப்பினர் தன் கடையில் வரி வாங்குகிறார்' என்ற பேச்சு கிளம்பியது. ஒவ்வொரு ரசீதுக்கும் நகல் இருந்ததால் தப்பித்தேன். அதன்பின் அந்த வேலையைச் சுயஉதவிக் குழுவிடம் கொடுத்து, வாரத்தில் ஒருநாள் அலுவலகத் திண்ணையில் வைத்தோம்.

2024 மே மாதம் அதே ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் மறுபடி எரிந்தது. இம்முறை மெக்கானிக் பாக்கி பற்றிப் பேசவில்லை. முதல் கணக்கிலிருந்து காசோலை போனது. இரண்டாம் நாள் மாலை தண்ணீர் ஏறியது. கரும்பலகையில் அந்தச் செலவை எழுதியபோது அப்பத்தா நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் நிறைவேறவில்லை. செங்கல் சூளை ஒன்றின் உரிமக் கட்டணம் கடைசிவரை வரவில்லை. நூலக வரி நிலுவையில் பாதிதான் செலுத்த முடிந்தது.

2025 ஜனவரி 5 அன்று எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் ஊராட்சி மீண்டும் தனி அலுவலர் பொறுப்பில். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது விதி. ஆகவே இப்போது ஊராட்சியின் சொந்த வருவாய்க்கு முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது, அதைக் கேட்டு வீடு வீடாகப் போக ஆள்தான் இல்லை.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

பள்ளிக்கு அந்தக் கடிதத்தை 2020 ஜனவரியிலேயே எழுதியிருப்பேன். எல்லைக்குள் சம்பளம் வாங்குபவர் எத்தனை பேர், அவர்கள் தொழில் வரி எங்கே போகிறது என்று பார்க்க அரை நாள் போதும்.

குடிநீர்க் கட்டணத்தை வீட்டு வரியோடு சேர்த்துக் கொண்டுபோயிருக்கக் கூடாது. கோடை முடிந்து, ஒரு தொட்டிக்கு மாத மின்கட்டணம் எவ்வளவு என்ற ரசீதைப் பலகையில் ஒட்டிவைத்து, ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் 10 ரூபாயாவது ஏற்றியிருக்கலாம். ஆண்டுத் திட்டத்தில் மோட்டார் பராமரிப்புக்கு ஒரு குறிப்பு எழுதிவைப்பதை 2023-இலிருந்து செய்தோம். முதலிலேயே செய்திருந்தால் மானியப் பணத்துக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும்.

புளிய மர விஷயத்தில் தலைவர் சொன்னது சரி என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சண்டையைத் தொடங்கியிருந்தால் வரிப் பட்டியல் நிறைவேறியிருக்காது.

புது வீட்டுக்கு வரைபட ஒப்புதல் தரும்போதே வரி எண் போட்டுவிடும் வழக்கத்தைச் செயலர் தொடர்கிறார். இடிந்த வீடுகளின் நிலுவை மட்டும் இன்றும் பட்டியலில் நிற்கிறது. தள்ளுபடிக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். 41 மனைகளின் பட்டியலோடு நாங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் என் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்து வருகிறவர்கள் கேட்டால் கொடுப்பேன்.